நீரிழிவும் மூளையின் ரத்த ஓட்டமும்: காரியாபட்டி வட்டாரத்தை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

சரீரத்தின் எடையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கேயான மூளை, ஓய்ந்திருக்கும் மனிதன் செலவழிக்கும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கைத் தான் ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு செலவுடைய அவயவத்துக்குச் சேமிப்பென்று சொல்லத்தக்கது அநேகமாக ஒன்றுமில்லை. குளுக்கோஸாயினும் பிராணவாயுவாயினும் கணந்தோறும் ரத்தம் கொண்டுவந்து சேர்த்தால்தான் உண்டு. நூறு கிராம் மூளைத் திசுவுக்கு நிமிஷத்துக்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் ரத்தம் பாய்கிறது என்பதை 1940களில் அமெரிக்காவில் கெட்டி, ஷ்மிட் என்ற இருவர், நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைச் சுவாசிக்கச் செய்து கணித்துக் காட்டினார்கள். அதற்கும் அரை நூற்றாண்டு முன்னதாக, 1890ல், ராயும் ஷெரிங்டனும் இன்னும் நுட்பமான ஒரு கருத்தை வெளியிட்டிருந்தார்கள்: மூளையின் எப்பகுதி உழைக்கிறதோ அப்பகுதியின் தேவைக்குத் தக்கபடி அங்குள்ள ரத்தக்குழாய்கள் தாமே விரிந்து கொடுக்கின்றன என்பது அது. நீரிழிவு மூளையை ஆதியில் தீண்டுவது ஓட்டத்தின் மொத்த அளவில் அன்று, உழைப்புக்கு ஏற்ப ஓட்டம் கூடும் இந்தத் திறனில்தான் என்பதும், அதை உணராமல் ரத்தச் சர்க்கரையின் எண்ணை மட்டும் துரத்தும் வைத்தியம் மதுரைக்குத் தெற்கேயுள்ள காரியாபட்டி போன்ற ஊர்களின் முதியோருக்கு நன்மையோடு தீங்கையும் சேர்த்துக் கொடுத்துவிடக்கூடும் என்பதும் இக்கட்டுரை நிலைநாட்ட முற்படும் கருத்துகளாம்.

தசையும் கொழுப்பும் குளுக்கோஸை ஏற்க இன்சுலினை எதிர்பார்க்கின்றன. மூளைத் தந்துகிகளின் உட்சுவராய் அமைந்த அணுக்களோ அவ்விதம் எதிர்பார்ப்பதில்லை. ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் அவற்றினுள்ளும் மிகுகிறது. வேண்டாமென்று மறுக்கும் சக்தி அவற்றுக்குக் குறைவு. அம்மிகையினால் அணுவினுள் ரசாயனச் சீர்குலைவுகள் தொடர்ந்து, குழாயைத் தளர்த்தி விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்ஸைடு குன்றுகிறது. குழாய் தளர்வதற்கு அதன் உட்சுவரே காரணமென்று 1980ல் கண்டறிந்த ஃபர்ச்காட்டுக்கு 1998ல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது.  ஆண்டுகள் செல்லச் செல்லத் தந்துகியின் அடிச்சவ்வு தடிக்கிறது. தந்துகியைத் தழுவி நின்று அதன் விட்டத்தை நிர்வகிக்கும் பெரிசைட் அணுக்கள் மடிகின்றன. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு கசியத் தொடங்குகிறது. கண்மாய் நிறைய நீர் கிடந்தும் மடைக் கதவு துருவேறி இறுகிப்போனால், பயிர் வாடும் வேளையில் வயலுக்கு நீர் பாயாதல்லவா? நீரிழிவாளரின் மூளையில் நேர்வதும் அத்தன்மையதே.

இதற்குப் பிரமாணம் என்ன என்று கேட்பது நியாயம். நீரிழிவாளரின் மூளைக்கு வரும் மொத்த ரத்தம் குறைந்திருக்கிறதா என்று அளந்தவர்கள் ஒருமித்த விடை தரவில்லை. சிலர் குறைவு கண்டார்கள். வேறு சிலர், மூளையே சற்றுச் சுருங்கியிருப்பதால் அதற்கு வரும் ரத்தமும் குறைவாய்த் தோன்றுகிறதென்றும், திசுவின் அளவைக் கணக்கிற் கொண்டால் பேதம் மறைந்துவிடுகிறதென்றும் கண்டார்கள். ஆனால் ஓய்வு நிலையை விட்டு, மூச்சின் மூலம் கரியமிலவாயுவை ஏற்றியிறக்கிக் குழாய்கள் எவ்வளவு தூரம் இணங்குகின்றன என்று பார்க்கும்போது பேதம் தெளிவாகிறது. பாஸ்டன் ஆராய்ச்சியாளர் 2015ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், இரண்டாண்டுக்குள் நீரிழிவாளரின் குழாய்கள் இணங்கும் திறன் குன்றியதையும், ஞாபகம் முதலிய சோதனைகளில் அவர்கள் பின்தங்கியதையும் காண்கிறோம். ஆய்வில் பங்குகொண்டவர்கள் சிலரே. ஆயினும் அவ்விரு மாறுதல்களும் ஒரே திசையையே காட்டுகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மூளையின் செயலைப் படமாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. முறைக்கு 1990ல் ஒகாவா அடிகோலினார். அம்முறை நரம்பணுவின் செயலை நேராகப் பார்ப்பதில்லை. செயலைத் தொடர்ந்து பாயும் ரத்தத்தில் பிராணவாயு கொள்ளும் மாறுதலையே பார்க்கிறது. நீரிழிவாளரின் படத்தில் ஒரு பகுதி மங்கித் தோன்றினால், அங்கே நரம்பணுக்கள் ஓய்ந்துவிட்டனவா, அன்றி அவை உழைத்தும் குழாய்கள் செவிசாய்க்கவில்லையா என்பதை அப்படம் மட்டும் தீர்மானித்துச் சொல்லாது. மூளைச் செயல் குறைந்தது என்று அவசரப்பட்டு முடிவு கட்டும் கட்டுரைகள் பல இவ்விடத்தில் வழுக்கிவிழுகின்றன.

மூளையின் ரத்தக்குழாய்களை உயிருள்ள மனிதனிடம் நேருக்கு நேர் பார்க்க வழியில்லையா? உண்டு. கண்ணின் விழித்திரை கருவில் மூளையிலிருந்தே முளைத்தெழுந்த பகுதியாகும். துடிக்கும் ஒளியை விழித்திரையின்மேல் பாய்ச்சினால் அங்குள்ள குழாய்கள் விரிகின்றன. நீரிழிவாளரிடம் இவ்விரிவு குன்றியிருப்பதை, கண் மருத்துவர் கண்டுபிடிக்கத்தக்க விழித்திரை நோய் தோன்றுவதற்கு முன்னரே, ஆராய்ச்சியாளர் பலர் அளந்திருக்கிறார்கள். ராயும் ஷெரிங்டனும் ஊகித்த ஏற்பாடு பழுதுபடுவதைக் கண்ணாடி வழியே காண்பது போன்ற சாட்சி இது. காரியாபட்டிக்கு வடக்கே, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் மதுரையில், டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. சர்க்கரை நோயாளரின் விழித்திரையைக் கிராமங்களிலேயே படமெடுத்துத் தூரத்திலிருந்து பார்த்துச் சொல்லும் முறையை நாட்டுக்குப் பழக்கியவற்றுள் அது முன்னணியில் நிற்பது. அந்தப் படம் இன்று பார்வையைக் காக்கும் பொருட்டே எடுக்கப்படுகிறது. விழித்திரையில் பழுது கண்ட நோயாளிக்கு மூளையிலும் பழுது இருக்கக்கூடும் என்று கருதி அவருடைய ஞாபகத்தையும் நடையையும் விசாரிக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. புதிய யந்திரம் எதுவும் அதற்கு வேண்டியதில்லை.

இனி வைத்தியத்துக்கு வருவோம். நீரிழிவாளருக்கு மறதி நோய் வரும் அபாயம் ஏறத்தாழ இருமடங்கு என்று 1999ல் ராட்டர்டாம் ஆய்வு அறிவித்தபோது, சர்க்கரையை மிகவும் இறக்கினால் மூளை தப்பும் என்று நம்பியவர் அநேகர். வட அமெரிக்காவில் நடந்த ‘அக்கார்ட்’ என்ற பெரும் சோதனை அந்நம்பிக்கையைத் தகர்த்தது. மூன்று மாதச் சர்க்கரை அளவை 6 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முயன்ற கூட்டத்தில் மரணம் மிகுந்ததால் 2008ல் அம்முயற்சி இடையிலேயே நிறுத்தப்பட்டது. நாற்பது மாதக் கணக்கில் மூளைச் சுருக்கம் சற்றுக் குறைந்திருந்தும், சிந்தனைத் திறனில் ஆதாயம் ஏதும் தெரியவில்லை. ரத்த அழுத்தத்தை அதிதீவிரமாய் இறக்கிய பிரிவிலோ மூளைச் சுருக்கம் அதிகமாயிற்று. முன் சொன்ன கருத்தை ஒப்புக்கொண்டால் இவ்விரு முடிவுகளும் விநோதமாகத் தோன்றா. அழுத்தம் ஏறினும் இறங்கினும் ஓட்டத்தை ஒரே நிதானத்தில் வைத்திருப்பது ஆரோக்கியமான குழாய்களின் இயல்பு. அவ்வியல்பை இழந்த குழாய்களையுடைய முதியவரிடம் அழுத்தத்தை வெகுவாய்ப் பறித்தால் மூளைக்குக் கிடைக்கும் ரத்தமும் அதனோடு குறைவதில் வியப்பில்லை. எழுந்து நின்றதும் கிறுகிறுக்கிறது என்று சொல்லும் நோயாளியின் வார்த்தையைப் பரிகாசமாய்த் தள்ளிவிடும் மருத்துவர் இதை நினைத்துப் பார்ப்பாராக.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு, 2023ல் வெளியான முடிவின்படி, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு, அதாவது வயது வந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு, நீரிழிவு உண்டென்று காட்டுகிறது. அதன் முதற்கட்டம் 2011ல் தமிழ்நாட்டு நகரங்களில் 13.7, கிராமங்களில் 7.8 சதவீதம் என்று கண்டது. கிராமத்துக்கு இந்நோய் புதிது என்ற எண்ணம் இனிச் செல்லாது. கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த கரிசல் மண்ணில், மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறே என்றாகிய தலைமுறை இன்று அறுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. காரியாபட்டி வட்டாரத்தில் அந்தத் தலைமுறையினர் சும்மா உட்கார்ந்திருப்பவர்களும் அல்லர்; நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள், மாவட்டத்தின் பட்டாசு ஆலைகளுக்கு விடிகாலை வேனில் ஏறுகிறவர்கள் அவர்களிடையே உண்டு. எண்ணிக்கைக் கூலிக்கு உழைப்பவர் காலை உணவைத் தள்ளிப்போடுவது சகஜம். அதே காலையில் சர்க்கரையைத் தாழ்த்தும் கிளிபென்கிளமைடு மாத்திரையோ கிளிமிபிரைடு மாத்திரையோ விழுங்கியிருந்தால், வெறும் வயிற்றில் சர்க்கரை தாழும். சர்க்கரை தாழ்ந்த மூளை முதலில் இழப்பது நிதானத்தை. தன் நிதானம் தவறுகிறது என்று உணரும் சக்தியும் அதனுடன் போய்விடுகிறது. உராய்வே தீப்பொறியாகும் பட்டாசு மருந்து அறையில் அப்படிப்பட்ட பத்து நிமிஷம் எத்தகையது என்று விளக்க வேண்டுவதில்லை. ஆலை மருத்துவப் பரிசோதனைகளில் சர்க்கரை உண்டா என்று கேட்பதோடு நில்லாமல், என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, அதன்பின் சாப்பாடு எப்போது என்பவற்றையும் கேட்க வேண்டும் என்று அழுத்தமாகக் கூறுகிறோம்.

‘வயசானா மறதி வரத்தானே செய்யும்’ என்ற சொல் நம் வீடுகளில் ஆறுதலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் நீரிழிவாளரின் மறதியில் ஒரு பகுதி திருத்தத்தக்கது. சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நெடுங்காலம் உண்பவரிடம் பி12 வைட்டமின் குறையலாம். அக்குறை மறதியையும் பாத எரிச்சலையும் தரும். ஊசியாலோ மாத்திரையாலோ நிரப்பலாம். தாழ் சர்க்கரையின் கதை இதனினும் கவலைக்குரியது. வட கலிஃபோர்னியாவில் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட முதியோரைத் தொடர்ந்து 2009ல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனை சேரும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்தவர்களிடம் பின்னர் மறதி நோய் மிகுந்ததைக் கண்டது. சிந்தனைத் திறன் ஏற்கெனவே குன்றியவர்களுக்கே சர்க்கரை கடுமையாய்த் தாழும் அபாயம் அதிகம் என்பதை ‘அக்கார்ட்’ சோதனையாளர் காட்டினார்கள். ஒன்றுக்கொன்று காரணமாய்ச் சுழலும் இச்சக்கரத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

அறுக்கத்தக்க இடம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்படி, பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கொடுக்கும்போதே சென்ற மாதத்து அட்டையில் எஞ்சியவற்றை எண்ணிப் பார்த்தால், காலையில் போட்டதை மறந்து மதியம் மறுபடி போட்டுக்கொள்ளும் முதியவரும், போட மறந்துவிடும் முதியவரும் வெளிப்பட்டுவிடுவார்கள். எண்ணிக்கை பிசகினால் அச்செய்தி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை எட்ட வேண்டும். அவர் அந்த முதியவருக்குச் சர்க்கரையை அவசரமாய்த் தாழ்த்தும் மாத்திரையைக் குறைத்து, மூன்று மாதச் சர்க்கரைக்கு 8 சதவீதம் வரை இடங்கொடுத்து, வீட்டிலுள்ள ஒருவர் கையால் மாத்திரை கொடுக்கும்படி ஏற்பாடு செய்தலே, இன்றுள்ள சான்றுகள் அனுமதிக்கும் முறையான சிகிச்சையாகும்.