எதிராளியாக நின்றவர்கள்



குத்துச்சண்டைப் பயிற்சியில் ‘ஸ்பாரிங் பார்ட்னர்’ என்று ஒருவர் இருப்பார். மோதப்போகும் எதிராளியைப் போலவே ஆடிக்காட்டி, அடியும் வாங்கிக்கொள்வார். முகமது அலிக்கு லாரி ஹோம்ஸ் அப்படி இருந்தவர்தான். (1980இல் அலியையே வென்றார், அது தனிக்கதை.) டேபிள் டென்னிஸிலும் இது உண்டு என்றால் சிரிப்பீர்கள்.

1961, பெய்ஜிங் உலகப் போட்டி. ஆடவர் அணிக் கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை வென்றிருந்தது ஜப்பான். இப்போது கையில் புதிய ஆயுதம், ‘லூப்’. கடுமையாகச் சுழன்று வந்து, மேஜையில் பட்டதும் முன்னே பாயும் பந்து. சீனர்களுக்கு அது பழக்கமில்லை. எனவே தங்கள் வீரர்களிலேயே ஹூ பிங்சுவான், சுவே வெய்ச்சூ போன்றோரை அந்த அடியைக் கற்கச் சொல்லி, மற்றவர்களுக்கு அடித்துப் பழக்கினார்கள். சொந்த ஆட்டத்தை ஒதுக்கிவைத்து ஜப்பானியராக ஆடுவது! பள்ளி அணிப் பையன்களிடம்கூட இப்படிக் கேட்க எனக்கு மனம் வந்திராது.

இறுதியில் சீனா 5-3 என்று வென்றது. அன்று மேஜைக்கு வந்தவர்கள் சுவாங் செடோங், சூ யின்ஷெங், ரோங் குவோத்துவான். அந்த இருவரும் இல்லை.

கபடியோ, கேரமோ, உங்களுக்குப் பயிற்சி தருவதற்கென்றே எதிரில் நின்றவர் யாராவது உண்டா? கீழே எழுதுங்கள், படிக்கிறேன்.