கோயமுத்தூர் கொடுத்த நிதி மந்திரி

கதை எழுதிப் பிழைப்பவர்களுக்கு ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. ஒருவர் பெரிய பதவிக்கு உயர்ந்தார் என்று கேட்டால், எப்படி ஏறினார் என்பதோடு நிற்கமாட்டோம். வழுக்கியபோது பிடித்துக்கொள்ள யார் இருந்தார்கள் என்றும் பார்ப்போம். ஆர். கே. சண்முகம் செட்டியாரின் சரித்திரத்தை நான் அப்படித்தான் படித்தேன்.

1892-ல் கோயமுத்தூரில் ஒரு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் சட்டம் படித்துவிட்டு ஊர் திரும்பி, 1917-ல் நகரசபை அங்கத்தினரானார். பிறகு உபதலைவரும் ஆனார். தெருவிளக்கும் சாக்கடையும் பேசும் சபைதானே என்று அலட்சியமாக நினைக்கவேண்டாம். வெள்ளைக்காரன் ஆட்சியில் நம்மவர்கள் நிர்வாகம் பழகிய பள்ளிக்கூடம் அதுதான். அதே காலத்தில் சேலம் நகரசபைக்கு ராஜாஜி தலைவர், ஈரோட்டுக்குப் பெரியார். அடுத்தடுத்த மூன்று ஊர்கள்! மூவரும் மூன்று பாதையில் போனார்கள்.

சண்முகம் செட்டியாரின் பாதை சட்டசபைப் பாதை. 1920-ல் சென்னைச் சட்டசபை; சில வருஷங்களில் டில்லியில் மத்திய சட்டசபை. ஜஸ்டிஸ் கட்சி, சுயராஜ்யக் கட்சி இரண்டிலும் இருந்து பார்த்தவர். இங்கிலீஷில் பேச எழுந்தால் எதிர்க்கட்சியும் காது கொடுக்கும். 1933-ல் அந்தச் சபைக்கே தலைவரானார்.

அதற்கு முந்திய வருஷம் ஆட்டவா மாநாட்டுக்கு இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவராகப் போயிருந்தார். சாம்ராஜ்யத்துச் சரக்குகளுக்குச் சுங்கச் சலுகை தரும் ஒப்பந்தம் அங்கே உருவாயிற்று. தேசியவாதிகளுக்கு அது வேம்பாகக் கசந்தது. 1934 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றார். தலைமை ஆசனத்தில் இருந்தவர், அந்தச் சபைக்குள் சாதாரண அங்கத்தினராகக்கூட நுழைய முடியவில்லை.

வேறொருவராயிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். இவருக்கோ அடுத்த வருஷமே கொச்சி சமஸ்தானத்துத் திவான் பதவி வந்தது. 1941 வரை இருந்தார். 1938-ல் ஜனங்களின் சபைக்குப் பதில் சொல்லவேண்டிய மந்திரி ஒருவரைக் கொச்சி கண்டது இவர் காலத்தில்தான். சமஸ்தானங்களில் அது புதுமை. எர்ணாகுளத்தில் சண்முகம் ரோடு இன்னும் இருக்கிறது. ஒரு காலத்தில் காயல் அலை அதன் ஓரத்தைத் தொட்டது. பிறகு காயலைத் தூர்த்து நகரம் தள்ளிப் போய்விட்டது. ரோட்டின் பெயரை மட்டும் யாரும் தள்ளவில்லை.

1944-ல் பிரெட்டன் வுட்ஸ் மாநாடு. யுத்தத்தில் பிரிட்டன் நமக்குப் பட்ட ஸ்டெர்லிங் கடனைப் பற்றி அங்கே வாதாடிய இந்தியக் கோஷ்டியில் இவரும் ஒருவர். 1947 ஆகஸ்டு 15-ல் நேருவின் முதல் மந்திரிசபையில் நிதி மந்திரி! காங்கிரஸை எதிர்த்து நின்றவரைக் காங்கிரஸே அழைத்தது. நவம்பர் 26-ல் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்தார். ஏழரை மாதத்துக்கு வரவு 171 கோடி ரூபாய். செலவு 197 கோடி. அதில் ராணுவத்துக்கு மட்டும் 92 கோடிக்கு மேல். பிரிவினையின் ரணம் அந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

திவான், பிரதிநிதி, மந்திரி மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றும் ஜனங்களின் வோட்டினால் வந்ததல்ல. திறமையை மதித்து மேலிருந்து நீட்டிய கை. மேலே இருந்து வந்த கை, மேலேயே போய்விடவும் கூடும்.

1948-ல் அதுதான் நடந்தது. வருமான வரி விசாரணைக் கமிஷனுக்கு அனுப்பிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் விலக்கப்பட்டன என்று புகார் எழுந்தது. இலாகாவின் செயலுக்குப் பொறுப்பு தம்முடையதே என்று ஏற்று, ஆகஸ்டில் ராஜிநாமா செய்தார். கட்சியில் வேரூன்றிய மந்திரிக்கு இப்படி நேர்ந்தால் தாங்க நாலு பேர் வருவார்கள். இவருக்குப் பின்னால் கட்சியும் இல்லை, கூட்டமும் இல்லை. ஒரே வருஷத்தில் முடிந்தது மந்திரி வாழ்வு.

சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்துக்கு உரை கண்ட தமிழன்பர் அவர். அடுத்த காண்டத்தில் பாண்டியன் வருகிறான்: பிறர் பேச்சைக் கேட்டு நேர்ந்த பிழையை யார் தலையிலும் போடாமல் தானே ஏற்றவன். அதைப் படித்த மனத்துக்கு ராஜிநாமாக் கடிதம் எழுதுவது அத்தனை கஷ்டமாக இருந்திராது என்று எனக்குத் தோன்றுகிறது.

1953 மே 5-ல் காலமானார். ஏறுவதற்குத் திறமை போதும் என்பதற்கும், நிலைப்பதற்கு அது போதாது என்பதற்கும் இவர் வாழ்க்கை ஒன்றே சாட்சி. ஆனால் இறங்கவும் ஒரு முறை உண்டல்லவா? அதைக் கௌரவமாகச் செய்தவர்களை நாம் இன்னும் கொஞ்சம் நினைவு வைத்திருக்கலாம்.