நிழற்படத்திற்கு எந்த ஆடை?

குடும்பத்தோடு நிழற்படம் எடுத்துக்கொள்ள நாள் குறித்துவிட்டால், வீட்டில் எழும் முதல் கேள்வி "எதை உடுத்துவது?" என்பதே. பெட்டியின் அடியில் மடித்து வைத்த பட்டுப்புடவை வெளியே வருகிறது; வேட்டிக்குக் கஞ்சி போடப்படுகிறது; பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை தேடுகிறோம். இதனை வீண் ஆடம்பரம் எனச் சிலர் எண்ணலாம். ஆனால், நம் சமுதாய வரலாற்றை நோக்குவோமாயின், உடுத்துவதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை நமக்கு எளிதில் வாய்த்ததன்று என்பது புலனாகும்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆடவர் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி அணியலாகாது, சட்டை, கோட்டு, பனியன் கூடாது, பெண்டிர் இரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடலை மறைத்தலாகாது, பூச்சூடலாகாது, பொன் வெள்ளி அணிகளும், குடையும், செருப்பும் ஆகா. மீறியவர்களின் குடிசைகள் தீக்கிரையாயின. கால்நடைகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது, மாடு மேய்த்தலே அவர்தம் வேலை என்பனவும் அவற்றுள் அடங்கும். ஆடையையும் கல்வியையும் ஒரே பட்டியலில் வைத்து மறுத்தனர் என்பதை நாம் ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். நிமிர்ந்து நிற்கச் செய்பவை இவ்விரண்டும் என்பதை நம் எதிரிகள் நன்கு அறிந்திருந்தனர்.

தடை இருந்த காலத்திலேயே அதனை மீறியோரும் இருந்தனர். திருவிதாங்கூரில் 1893-இல் அய்யன்காளி வெள்ளாடை உடுத்தி, தலைப்பாகை கட்டி, தடுக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டினார். 1915-இல் அவர் அழைப்பை ஏற்றுப் பெரிநாட்டில் புலையர் குலப் பெண்கள், அடிமைச் சின்னமாய்க் கழுத்தில் கிடந்த கல்மாலைகளை அறுத்தெறிந்தனர். 1927 டிசம்பரில் மகத் மாநாட்டின்போது பெண்களிடையே உரையாற்றிய அண்ணல் அம்பேத்கர், ஒட்டுப்போட்ட துணியாயினும் தூய்மையாக உடுத்துமாறும், தாழ்வைக் காட்டும் ஆடை அணி முறைகளைக் கைவிடுமாறும் வேண்டினார். அப்பெண்கள் தாமதியாது புடவை கட்டும் முறையையே மாற்றிக்கொண்டனர்.

இராமநாதபுரத்தில் கோட்டு அணிவது குற்றமெனக் கூறப்பட்ட அதே 1930 டிசம்பரில், இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணலும் நம் இரட்டைமலை சீனிவாசனாரும் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகளாய் வீற்றிருந்தனர். அண்ணலின் கோட்டும் கழுத்துப்பட்டையும் மேனாட்டு மோகம் அல்ல. அவை மறுப்புக்கு விடுத்த மறுமொழி.

1934 பிப்ரவரியில் பம்பாய் இராஜகிருகத்தில் எடுக்கப்பட்ட அண்ணலின் குடும்பப் படத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். மகன் யஷ்வந்த், துணைவியார் இரமாபாய், அண்ணி இலட்சுமிபாய், அவர் மகன் முகுந்த் ஆகியோருடன் வளர்ப்பு நாயும் அதில் உண்டு. நான்கு குழந்தைகளை இழந்த அன்னை இரமாபாய், 1935 மே 27-இல் மறைந்தார். அப்படம் இல்லையேல் அக்குடும்பம் ஒருங்கிருந்த காட்சியை நாம் காண்பதேது?

1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், நகையும் நல்லாடையும் அணிவதைத் தீண்டாமை காரணமாகத் தடுத்தல் குற்றம் எனத் தெளிவாக உரைத்தது. ஒரு நாடு சட்டம் எழுதித் தர வேண்டியிருந்த உரிமை அது!

ஆதலின், இளைஞர்களே, படத்திற்கு எதை உடுத்துவது என்னும் கேள்விக்கு நாம் கூறும் விடை எளிது. கடன் வாங்கிப் பட்டு எடுக்க வேண்டா. முன்பு சிற்றூர்ப் படக்கடைகளில் ஒரே கோட்டு பலர் தோளில் ஏறி இறங்கியது. இன்று இரவல் வேண்டுவதில்லை. உழைத்து வாங்கியதைத் துவைத்து உடுத்துங்கள். பட்டம் பெற்ற மகள் பட்டமளிப்பு அங்கியோடும், பள்ளிச் சிறுவன் சீருடையோடும் நிற்கட்டும். இரவிக்கை அணிந்தறியாத பாட்டி இருப்பின், அவரைப் பின்னே மறைக்க வேண்டா; அவர் விரும்பும் கோலத்திலேயே நடுநாயகமாய் அமர்த்துங்கள். வெட்கப்பட வேண்டியவர் அவரல்லர்.

கைப்பேசியில் எடுத்த படமாயினும் ஒரு படி அச்சிட்டு, அதன் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதி வையுங்கள். நம் முன்னோருள் பெரும்பாலோர்க்கு ஒரு படமும் இல்லை. நம் பேரப்பிள்ளைகளுக்கு அக்குறை நேராதிருப்பதாக!