கைமின்விளக்கும் கல்வராயன் மலைப் பாதைகளும்

கைமின்விளக்கு (டார்ச்) என்பது மின்கலத்தால் எரியும், கையில் எடுத்துச் செல்லக்கூடிய விளக்கு ஆகும். தமிழகக் கிராமங்களில் இதனைப் 'பேட்டரி லைட்' என்பர். மின்கலங்களின் எண்ணிக்கையைக் கொண்டு 'இரண்டு கட்டை', 'மூன்று கட்டை' என்று பிரித்துச் சொல்லும் வழக்கமும் உண்டு. ஏறத்தாழ 125 ஆண்டுகளில் இதன் வெளிச்சம் பல மடங்கு பெருகியுள்ளது. ஆயினும் இரவில் நடப்பவருக்கு வெளிச்சத்தின் அளவு மட்டும் போதாது. ஒளிக்கற்றையின் வடிவமும் நிறமும் அதே அளவு முக்கியமானவை.

நிலமும் இருளும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று செயல்படத் தொடங்கியது. இதன் மேற்கில் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலை உள்ளது. இங்கு மலையாளி பழங்குடியினர் வாழ்கின்றனர். 1976 வரை இம்மலை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. வெள்ளிமலை இங்குள்ள முக்கிய ஊர். சிற்றூர்கள் சிதறிக் கிடப்பதால் ஒற்றையடிப் பாதை நடை இன்றும் தேவைப்படுகிறது. அடிவாரத்துக் கச்சிராயபாளையம் பக்கம் கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளைகின்றன. மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில், நீர் பாய்ச்ச உழவர் இருட்டில்தான் வயலுக்குப் போக வேண்டும்.

இரு இடங்களிலும் பொதுவான அச்சம் பாம்பு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்தவர். கட்டுவிரியன் இரவில் இரை தேடுவது. கண்ணாடி விரியன் சருகின் நிறத்தோடு கலந்து கிடக்கும். எனவே கைவிளக்கின் தரம் இங்கு உயிரைப் பற்றிய செய்தியாகிறது.

தோற்றமும் பரவலும்

மின்விளக்குக்கு முன் தீப்பந்தமும் அரிக்கேன் விளக்கும் வழித்துணையாக இருந்தன. இவை நாற்புறமும் ஒளி பரப்பின; தொலைவு காட்டவில்லை. 1899 ஜனவரி 10 அன்று டேவிட் மிசெல் என்பவருக்கு அமெரிக்காவில் குழல் வடிவக் கைமின்விளக்குக்கான காப்புரிமை கிடைத்தது. கான்ராட் ஹியூபர்ட்டின் நிறுவனம் அதனை விற்றது. அதன் வணிகப் பெயரே பின்னர் 'எவரெடி' என்று புகழ்பெற்றது. அன்றைய மின்கலம் வலுவற்றது. விளக்கைத் தொடர்ந்து எரிக்க முடியாமல் விட்டுவிட்டே எரித்தனர். ஆங்கிலத்தில் 'ஃபிளாஷ்லைட்' என்ற பெயர் வந்தது இதனால்தான். டங்ஸ்டன் இழை வந்தபின் ஒளி கூடியது.

இந்தியாவில் எவரெடி மின்கலங்கள் முதலில் இறக்குமதியாயின. பின்னர் இங்கேயே ஆலைகள் எழுந்தன. சென்னையின் திருவொற்றியூரிலும் ஓர் ஆலை இயங்கியது. 'ஜீவன் சாத்தி' என்ற பித்தளை டார்ச் பல வீடுகளில் இடம்பிடித்தது.

ஒளிக்கற்றையின் அமைப்பு

பழைய டார்ச்சில் சிறு குமிழ் விளக்கு பரவளையக் கண்ணாடியின் குவியத்தில் இருக்கும். இழையிலிருந்து புறப்படும் ஒளி கண்ணாடியில் பட்டு இணைகதிராகச் செல்லும். வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்த்தால் நடுவில் ஒரு பிரகாசமான வட்டமும், அதைச் சுற்றி மங்கலான ஒளியும் தெரியும். முன்னது நடுவொளி, தொலைவைக் காட்டும். பின்னது சுற்றொளி, காலடியைக் காட்டும்.

நீல எல்.ஈ.டி. 1990களில் முழுமை பெற்றபின் வெள்ளை எல்.ஈ.டி. விளக்கு பிறந்தது. நீல எல்.ஈ.டி.யைக் கண்டறிந்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகியோருக்கு 2014இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளி கிடைத்ததால் சட்டைப்பையில் அடங்கும் விளக்குகள் பெருகின.

அளவீடும் ஒப்பீடும்

விளக்கு வெளியிடும் மொத்த ஒளி லூமன் அலகிலும், ஒரு திசையில் அதன் செறிவு கேண்டலா அலகிலும் அளக்கப்படும். 2009இல் வெளியான அமெரிக்கத் தரநிலை, ஒளி 0.25 லக்ஸ் ஆகக் குறையும் இடத்தையே விளக்கின் எட்டுதூரம் எனக் கொண்டது. இது ஏறக்குறைய முழுநிலவின் வெளிச்சம். இதன்படி 10,000 கேண்டலா விளக்கு 200 மீட்டர் எட்டும். தூரம் இருமடங்காக வேண்டுமானால் செறிவு நான்கு மடங்காக வேண்டும். பெட்டியில் லூமன் எண் மட்டும் அச்சிட்டிருந்தால் எட்டுதூரமும் தெரியாது, சுற்றொளியும் தெரியாது.

ஜூம் டார்ச்சைக் குவித்தால் எல்.ஈ.டி. சில்லின் சதுர வடிவமே தொலைவில் விழும். சுற்றொளி ஏறக்குறைய மறைந்துவிடும். கரும்புத் தோட்டத்தின் மறுமுனையைப் பார்க்க அது உதவலாம். வரப்பில் நடக்க உதவாது. கைப்பேசி விளக்கில் பரவல் உண்டு, எட்டுதூரம் இல்லை. மேலும், 108 ஊர்தியை அழைக்க வேண்டிய கைப்பேசியின் மின்னூட்டத்தையும் அது தின்றுவிடும்.

நிறத்திலும் வேறுபாடு உண்டு. குமிழ் விளக்கின் மஞ்சள் ஒளியில் பழுப்பும் சிவப்பும் இயல்பாகத் தெரிந்தன. மலிவான எல்.ஈ.டி.யின் நீலச் சாயல் ஒளியில் சிவப்புக் கூறு குறைவு. சருகும் பாம்பும் ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றக்கூடும். நிறங்காட்டும் குறியீடு 90க்கு மேல் உள்ள எல்.ஈ.டி. இக்குறையைப் பெரிதும் நீக்குகிறது.

பழைய உலர்கலம் தீரும்போது ஒளி மெல்ல மங்கி முன்னறிவிப்புத் தந்தது. சீராக்கும் சுற்று உள்ள புதிய விளக்குகள் சிலவற்றில் ஒளி கடைசிவரை மாறாமல் இருந்து திடீரென அணையும். நீண்ட நடைக்கு மாற்று மின்கலம் தேவைப்படுவது இதனால்தான்.

பிடிக்கும் முறை

மலையில் பனிமூட்டம் இறங்கும்போது, நெற்றியில் கட்டிய விளக்கின் ஒளி நீர்த்துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வெண்திரை போல் மறைக்கும். விளக்கை இடுப்பளவில் பிடித்தால் இத்தொல்லை குறையும். தாழ்ந்த ஒளியில் கல்லுக்கும் பள்ளத்துக்கும் நிழல் விழுவதால் மேடுபள்ளம் தெளிவாகத் தெரியும். அன்றாடம் எடுத்துச் செல்லும் விளக்கை இருட்டறைச் சுவரிலும், பின்னர் மண் பாதையிலும் அடித்துப் பார்த்து ஒப்பிடுவது எளிய சோதனை. இவ்வட்டாரப் பாதைகளில் நடப்பவருக்கு, 200 மீட்டர் எட்டும் குறுகிய கற்றையைவிட, காலடியிலிருந்து பத்தடி வரை சீராகப் பரவும் ஒளியே பயன் மிக்கது.