எடின்பரோ மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு அளவுகோல்

எடின்பரோ மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு அளவுகோல் என்பது, குழந்தை பெற்ற தாய்மார்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கண்டறிய உதவும் 10 கேள்விகள் கொண்ட வினாப்படிவம் ஆகும். ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி ஆகியோர் ஸ்காட்லாந்தில் இதை உருவாக்கி, 1987இல் வெளியிட்டனர்.

பின்னணி

மனச்சோர்வை அளக்கும் முந்தைய வினாப்படிவங்கள் பல, தூக்கமின்மை, களைப்பு, பசி மாற்றம் போன்ற உடல் அறிகுறிகளையும் கணக்கில் எடுத்தன. கைக்குழந்தை வைத்திருக்கும் எந்தத் தாய்க்கும் இவை இயல்பாகவே இருக்கும். எனவே நலமான தாயும் நோயாளியாகத் தோன்ற வாய்ப்பிருந்தது. புதிய படிவம் கடந்த 7 நாள்களின் மனநிலையை மட்டும் கேட்டது. 13 கேள்விகளாக இருந்த முன்வடிவம் 10 ஆகச் சுருக்கப்பட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30.

நம்பகத்தன்மை

கேள்விகள் அனைத்தும் ஒன்றையே அளக்கின்றனவா என்பதே முதல் சோதனை. கேள்விகளை இரு பாதிகளாகப் பிரித்து மதிப்பெண்களை ஒப்பிட்டபோது நம்பகக் கெழு 0.88 ஆக இருந்தது. க்ரோன்பாக் ஆல்ஃபா 0.87. இவை நல்ல அளவுகள். ஆனால் அளக்கப்படுவது மனச்சோர்வுதானா என்பதை இவை சொல்வதில்லை.

ஏற்புடைமை

அதை அறிய, 84 தாய்மார்களின் மதிப்பெண்கள் மனநல நேர்காணலின் முடிவுகளோடு ஒப்பிடப்பட்டன. 13 அல்லது அதற்கு மேல் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு இருக்கலாம் எனக் கொண்டபோது, நோயுள்ளவர்களில் 86% பேரைப் படிவம் இனங்கண்டது. நோயில்லாதவர்களில் 78% பேரைச் சரியாக விலக்கியது. படிவம் சுட்டியவர்களில் 73% பேருக்கே உண்மையில் மனச்சோர்வு இருந்தது. எல்லைக் கோட்டைத் தாழ்த்தினால் தவறவிடப்படும் தாய்மார் குறைவர். வீணாகக் கவலைக்குள்ளாவோர் கூடுவர். ஆரம்பநிலைப் பரிசோதனைக்கு 10 மதிப்பெண்ணையும் எல்லையாகக் கொள்ளலாம் என்று ஆய்வாளர்கள் பரிந்துரைத்தனர்.

பிற மொழிகளில்

ஒரு மொழியில் பெற்ற ஏற்புடைமை மொழிபெயர்ப்போடு தானாகக் கூடவே வருவதில்லை. ஆறாவது கேள்வியின் ஆங்கில மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், பொருள்கள் தன் மேல் ஏறுகின்றன என்றாகிவிடும். சமாளிக்க முடியாத திணறல் என்ற கருத்து மறைந்துவிடும். தமிழ் வடிவத்தை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தனியே சோதித்து, 2005இல் முடிவுகளை வெளியிட்டனர். அதற்குப் பொருத்தமான எல்லை மதிப்பெண் ஆங்கில வடிவத்தினுடையதைவிடக் குறைவாக இருந்தது. ஆங்கில எல்லையை அப்படியே பின்பற்றியிருந்தால், உதவி தேவைப்பட்ட தாய்மார் சிலர் நலமானவர்களாகக் கணக்கிடப்பட்டிருப்பர்.

பயன்பாடு

இப்படிவம் நோயை உறுதிசெய்வதில்லை. மேலும் பரிசோதிக்க வேண்டியவர்களைக் காட்டுகிறது. பத்தாவது கேள்வி, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'ஒருபோதும் இல்லை' தவிர வேறு எந்த விடை வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருப்பினும், அத்தாயிடம் உடனே நேரில் பேசி விசாரிக்க வேண்டும்.