பெயர் கேட்கும் அரசு

1933 டிசம்பரில் ஈரோட்டில் இருவர் கைதானார்கள். ஒருவர் பெரியார் ஈ.வெ. ராமசாமி. அக்டோபர் 29ஆம் தேதி ‘குடி அரசு’ இதழில், நடக்கும் ஆட்சி ஏன் ஒழிய வேண்டும் என்று கேட்டுத் தலையங்கம் எழுதியவர். மற்றவர் அவருடைய தங்கை எஸ்.ஆர். கண்ணம்மாள். தலையங்கம் அவர் எழுதியதல்ல. ஆனால் இதழின் பதிப்பாளர் என்று அவர் பெயர் பதிவாகியிருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. இராஜத்துரோகக் குற்றச்சாட்டு, அதாவது இந்திய தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவு. அப்போது ஈரோடு கோவை மாவட்டத்தில் இருந்ததால் வழக்கு கோவையில் நடந்தது. அண்ணன் எதிர்வழக்காடவில்லை, ஓர் அறிக்கையைக் கொடுத்துவிட்டுச் சிறை சென்றார். தங்கைக்கும் சிறைதான். கள்ளுக்கடை மறியல் காலத்திலேயே அண்ணன் மனைவி நாகம்மையோடு தெருவில் நின்றவர் கண்ணம்மாள் என்பதால் அவருக்கு இது புதிதல்ல. ஆனால் எழுதாத எழுத்துக்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் வழியை அரசு எங்கிருந்து பெற்றது என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். இன்று கைப்பேசியில் நாம் அனுப்பும் ஒவ்வொரு செய்தியைப் பற்றியும் நடக்கும் வாதம் அங்கேதான் தொடங்குகிறது.

1867ஆம் ஆண்டின் 25ஆவது சட்டம் அச்சகங்களுக்கும் புத்தகப் பதிவுக்குமானது. அச்சாகும் ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் இருக்க வேண்டும். பதிப்பாளர் பெயரும் ஊரும் இருக்க வேண்டும். அச்சகம் வைப்பவரும் இதழ் நடத்துபவரும் மாஜிஸ்திரேட் முன்னால் போய் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். பார்த்தால் சாதுவான பதிவேட்டு வேலை. ஆனால் அதன் 7ஆவது பிரிவைப் படித்தால் வேலையின் நோக்கம் புரியும்: அந்த உறுதிமொழியின் சான்றிட்ட நகலே, மறுத்து நிரூபிக்கப்படும்வரை, அந்த ஆள்தான் பொறுப்பாளி என்பதற்குச் சாட்சியம். ஆக, எழுத்து பிறப்பதற்கு முன்பே பிடிபட வேண்டியவர் யார் என்பது கோப்பில் ஏறிவிடுகிறது. தணிக்கை என்றால் அதிகாரி ஒருவர் வரிவரியாக அடித்துக் கொடுப்பார் என்றே நாம் கற்பனை செய்கிறோம். சென்னை மாகாணத்தில் அது அபூர்வம். அரசு தமிழ் இதழ்களின் சாரத்தை மொழிபெயர்த்துத் தொடர்ந்து அறிக்கைகளாக்கி வைத்தது. பொதுக்கூட்டங்களில் போலீஸ் சுருக்கெழுத்தாளர்களை உட்கார வைத்தது. 1910, 1931ஆம் ஆண்டுகளின் பத்திரிகைச் சட்டங்களால் ஜாமீன் தொகை கேட்டது. எழுத்தைத் திருத்துவதைவிட எழுதுபவரின் பெயரையும் விலாசத்தையும் கைப்பணத்தையும் பிடியில் வைத்திருப்பது மலிவு.

‘குடி அரசு’ இதற்குத் தந்த பதிலும் சுவையானது. நெருக்கடி முற்றியபோது 1933 நவம்பரில் ‘புரட்சி’ வந்தது. அடுத்த ஆண்டு ‘பகுத்தறிவு’ வந்தது. 1935இல் மீண்டும் ‘குடி அரசு’. பத்திரிகையின் பெயரை மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் மனிதப் பெயர் ஒன்றை மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்தே ஆக வேண்டும். பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையை ப. ஜீவானந்தம் தமிழாக்க, அது புத்தகமாக ஈரோட்டில் வந்தபோதும் இதே கதைதான். மொழிபெயர்த்தவர் ஜீவா, வெளியிட்டவர் பெரியாரின் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமி, இருவர் பெயரும் தெரிந்திருந்ததால் இருவரும் கைதானார்கள். மன்னிப்புக் கடிதம் கொடுத்து வெளியே வர நேர்ந்ததும், அந்தக் கசப்பு ஜீவாவைச் சுயமரியாதை இயக்கத்திலிருந்து விலகச் செய்த காரணங்களில் ஒன்றானதும் தமிழக அரசியல் வரலாறு. ஓர் இயக்கத்தின் உள் உறவுகளைக்கூடக் கெடுக்க முடிகிறது அச்சுத்தாளின் அடியில் உள்ள ஒரு வரியால்.

விடுதலைக்குப் பிறகு பிடி தளரவில்லை, கைகள்தான் கூடின. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. நான்கு ஆண்டுகள் யாரும் அதைப் பற்றிக் கொதிக்கவில்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. நாவலின் சில பக்கங்கள் நகலெடுத்து விநியோகிக்கப்பட்டன. எழுத்தாளரின் தொலைபேசி ஓயாமல் அலறியது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் நடத்திய ‘அமைதிப் பேச்சுவார்த்தை’யில் அவர் மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார். எந்தச் சட்டப் பிரிவும் பயன்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊர், வீடு, வேலை பார்க்கும் கல்லூரி ஆகியவை எல்லோருக்கும் தெரிந்திருந்ததே போதும். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்து, எழுத்தாளரை மீண்டும் எழுதச் சொன்னது. அந்த அமர்வில் இருந்த தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல்தான், அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்ன ஒன்பது நீதிபதிகளில் ஒருவர். தற்செயலாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்து வைத்தால், பேச்சுரிமையும் அந்தரங்க உரிமையும் தனித்தனி அறைகளில் வாழ்பவை அல்ல என்பது விளங்கும். 2017 மார்ச்சில் கோவை உக்கடத்தில் திராவிடர் விடுதலைக் கழக இளைஞர் ஒருவர் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் வெளியிட்ட இறைமறுப்புப் பதிவுகளுக்காகக் கொல்லப்பட்டதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1930களில் சிறைக்கு அனுப்பிய அதே கருத்துக்கு இப்போது விலை உயிர்.

பெயரைக் கேட்கும் பழைய பழக்கம் மின்வெளிக்குள் நுழைந்ததும் தமிழ்நாட்டு வாசல் வழியாகத்தான். 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த மனுக்கள் சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கேட்டன. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் விசாரணை, வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிவது எப்படி என்பதற்குத் தாவியது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. காமகோடி அனுப்புநர் அடையாளத்தைச் செய்தியோடு சேர்க்கும் ஒரு முறையை முன்வைத்தார். வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 பிப்ரவரி 25 அன்று வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில் 4(2) என்று அந்த எண்ணம் சட்ட வடிவம் பெற்றது: 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள செய்திச் செயலிகள், கேட்டால் ‘முதல் அனுப்புநரை’க் காட்ட வேண்டும். வாட்ஸ்அப் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போயிருக்கிறது. 1867இன் அச்சக வரியும் இந்த விதியும் ஒரே குடும்பம். வித்தியாசம் ஒன்றுதான்: அன்று அச்சகம் வைத்திருந்த சிலர் மட்டும் உறுதிமொழி எழுதினார்கள். ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் காட்ட வேண்டுமென்றால், யாரைக் கேட்பார்கள் என்று முன்கூட்டித் தெரியாததால், எல்லாச் செய்திகளிலும் குறி வைத்தாக வேண்டும். ஒரு மொட்டைக் கடிதத்தை எழுதியவரைப் பிடிக்க ஊரில் தபால் போடும் எல்லோரிடமும் கைரேகை வாங்குவது போன்றது இது.

எதிர்வாதம் எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுவெடிப்பில் 58 பேரை இழந்த ஊர் கோவை. கண்காணிப்பு வேண்டாம் என்று அங்கே யார் சொல்ல முடியும்? யாரும் சொல்லவில்லை. சந்தேகத்துக்குரியவரின் பேச்சை, உள்துறைச் செயலாளரின் எழுத்து உத்தரவோடு, மறுஆய்வுக் குழுவின் பார்வைக்கு உட்பட்டு ஒட்டுக்கேட்க 1996இலேயே உச்ச நீதிமன்றம் பி.யூ.சி.எல். வழக்கில் வழி வகுத்துவிட்டது. சந்தேகம் முதலில், தேடல் பிறகு என்பது அதன் ஒழுங்கு. 4(2) அந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகிறது. இன்னொரு எதிர்வாதம் பெண்களின் பெயரால் வருகிறது: முகமூடி போட்டவர்கள்தானே மிரட்டுகிறார்கள், முகமூடியைக் கழற்றினால் என்ன? பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு இதற்குப் பதில் சொல்கிறது. அங்கே மிரட்டியவர்கள் முகம் தெரியாதவர்கள் அல்லர். சாட்சியம், முறைப்படி கைப்பற்றிய கருவிகளிலிருந்தே கிடைத்தது. வெளியே வரக்கூடாத, பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரோ 2019 மார்ச்சில் வெளியே வந்தது. அதைச் சொன்னவர்கள் காவல்துறை உயர் அதிகாரியும், வழக்கை மாற்றும் அரசாணையும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பெண்கள் வந்து சாட்சி சொன்னது, மூடிய அறையில், பெயர் மறைக்கப்படும் என்ற உறுதியின் பேரில். மறைவே அங்கே நீதிக்குத் துணை நின்றது. அரசிடம் பெயர்கள் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கு இன்னொரு அடியும் உண்டு: 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முகமறிதல் தளத்துக்குள்ளேயே அந்நியர் புகுந்தார்கள்.

ஆனால் வெள்ளைக்காரன் காலத்தைவிட இன்று மோசமா என்று கேட்டால், ஒரு விஷயத்தில் ஆம் என்பேன். கண்ணம்மாளுக்குத் தன் மேல் என்ன குற்றச்சாட்டு என்று தெரியும். கோவையில் ஒரு நீதிமன்றம் இருந்தது, அதில் கொடுக்க ஓர் அறிக்கை இருந்தது, அதை மறுநாள் படிக்க ஊர் இருந்தது. இன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவில் ஒரு பதிவை முடக்கினால், 2009ஆம் ஆண்டின் 16ஆவது விதி அந்தக் கோரிக்கைகளையும் நடவடிக்கைகளையும் இரகசியமாக வைக்கச் சொல்கிறது. எழுதியவருக்கு உத்தரவின் நகல் கிடைப்பதே பெரும்பாடு. குடிமகன் வெட்டவெளியில் நிற்க, ஆணை போடுபவர் திரைக்குப் பின்னால் நிற்கிறார். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்தச் சாய்வை நேராக்கவில்லை. அரசு அறிவிக்கும் தன் அமைப்புகளுக்கு 17(2) பிரிவில் விலக்கு தருகிறது. போதாததற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில் அந்தரங்கத்தின் பெயரால் கதவை இன்னும் சாத்துகிறது. அந்தரங்கம் ஊழலை மறைக்கும் என்று அஞ்சுபவர்கள் கோபப்பட வேண்டியது இந்தத் திருத்தத்தின் மேல்.

1867ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. 2023இல் வந்த புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் அதன் இடத்துக்கு வந்து, புத்தகங்களைத் தன் வரம்பிலிருந்து விட்டுவிட்டது. அச்சுப் புத்தகத்தை விடுவித்த அரசு, கைப்பேசிச் செய்திக்கும் அதே நியாயத்தைச் செய்ய வேண்டும்: 4(2) விதியைத் திரும்பப் பெற வேண்டும், முடக்கும் ஒவ்வோர் ஆணையின் நகலையும் எழுதியவர் கையில் கொடுக்க வேண்டும்.