விட்டல் விஹாரின் 30 வாட்: வீட்டில் பிறந்த ஆகாசவாணி

இந்திய ஒலிபரப்பின் வரலாற்றை 1936 ஜூன் 8 அன்று ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்று பெயர் பெற்ற அரசு அமைப்பிலிருந்து தொடங்குவது நம் பாடநூல்களின் வழக்கம். அதற்கு ஒன்பது மாதம் முன்னரே, 1935 செப்டம்பர் 10 அன்று, மைசூரில் ஒரு பேராசிரியரின் வீட்டிலிருந்து குரல் வானேறிவிட்டது. அவ்வீட்டின் பெயர் ‘விட்டல் விஹார்’. பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி பொறியாளரல்லர், இலண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்று திரும்பி, மகாராஜா கல்லூரியில் உளவியல் கற்பித்தவர். கருவியின் ஆற்றல் 30 வாட். ஒரு சிறு மின்விளக்கு உண்ணும் அளவு. பின்னர் 250 வாட் கருவி வந்தது. 1940களின் தொடக்கத்தில் மைசூர் அரசு நிலையத்தை ஏற்றது. 1950 ஏப்ரலில் அது மத்திய அரசின் கைக்குப் போயிற்று. 1955இல் பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது.

‘ஆகாசவாணி’ என்ற பெயரைச் சூட்டியவர் யார் என்னும் வழக்கு இன்றும் ஓயவில்லை. கோபாலசுவாமி என்பர் சிலர்; அவருக்குத் துணைநின்ற எழுத்தாளர் நா. கஸ்தூரி என்பர் வேறு சிலர். தாகூரின் பெயரையும் இழுத்து வருவோர் உண்டு. இவ்வழக்கில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. 1950களின் பிற்பாதியில் ஒரு பேரரசமைப்பு தனக்கென எடுத்துக்கொண்ட பெயர், இருபதாண்டு முன்னர் ஒரு வீட்டு ஒலிபரப்பிக்கு வழங்கிய பெயர் என்பதே முதன்மையான செய்தி. டெல்லித் தமிழ்ச் செய்தியறிக்கையின் முதற்சொல்லாக அதனைக் கேட்டு வளர்ந்தவர்களும், ‘வானொலி’ என்னும் நம் சொல்லே இருக்கட்டும் என்று வாதாடியவர்களும், அதன் மைசூர் முகவரியை அரிதாகவே நினைவுகூர்ந்தனர்.

மைசூர் இதில் தனித்து நிற்கவில்லை. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் உருவான சென்னை மாகாண ரேடியோ கிளப், 1924 ஜூலை 31 அன்று 40 வாட் கருவியுடன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பணமுடையால் 1927இல் அது நின்றது. 1930 ஏப்ரலில் சென்னை மாநகராட்சி அப்பணியைத் தொடர்ந்தது. இரு நகரங்களிலும் நிரல் ஒன்றே: ஆர்வலர் தொடங்கினார், அரசமைப்பு பின்னர் வந்து ஏற்றது. ஆனால் வீட்டுக் கருவி எங்கும் வரவேற்கப்படவில்லை. 1939இல் போர் மூண்டதும் பிரிட்டிஷ் இந்தியாவில் அமெச்சூர் வானொலியாளரின் உரிமங்கள் பறிக்கப்பட்டன. 1942இல் நரிமன் பிரிண்டர் பம்பாயில் உருவாக்கிக் கொடுத்த கருவியே உஷா மேத்தாவின் இரகசியக் காங்கிரஸ் வானொலி ஆயிற்று. அதற்குக் கிடைத்த பரிசு சிறை.

இங்கே ஹனூரைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள அவ்வூர், 1956 நவம்பர்வரை கொள்ளேகால் வட்டத்தோடு கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதாவது சென்னை மாகாணம். நேர்கோட்டில் மைசூர் நூறு கிலோமீட்டருக்குள். சென்னையோ முந்நூறுக்கும் அப்பால். தன் மாகாணத்து ஒலிபரப்பியைவிட அயல் சமஸ்தானத்துப் பேராசிரியரின் வீடு அவ்வூருக்கு அண்மையில் இருந்தது. ஒலிபரப்பு வரலாற்றை மாநில எல்லைகளுக்குள் நின்று எழுதுவதன் குறை இத்தகைய ஊர்களில்தான் வெளிப்படும்.

பெயரில் ஆகாயம் இருந்தாலும் அக்காலத்து ஒலிபரப்பு ஆகாயத்தைக் கடக்கவில்லை. மத்திய அலைகளைப் பகலில் அயனிமண்டலத்தின் கீழடுக்கு உறிஞ்சிவிடும். இரவில் மேலடுக்குகள் நிலத்துக்கே திருப்பி அனுப்பும். சிற்றலைகள் நெடுந்தொலைவு சென்றதும் இத்திருப்பத்தால்தான். கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ரா இவ்வடுக்குகளைத்தான் 1930களில் ஆராய்ந்துகொண்டிருந்தார். வானொலிக்கு வானமே கூரை. அக்கூரையால்தான் அது தொலைதூரம் கேட்டது. வீட்டுக் குரல் விண்வெளிக்குப் போக வேண்டுமெனில் கூரையைத் துளைக்கும் அலைவரிசை வேண்டும். நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகள் பெரும்பாலும் தடையின்றி ஊடுருவும்.

அந்தக் கதவையும் முதலில் தட்டியவர்களுள் ஆர்வலர் உண்டு. 1961 டிசம்பர் 12 அன்று கலிபோர்னியாவின் அமெச்சூர் வானொலியாளர் ஓய்வுநேரத்தில் உருவாக்கிய ‘ஆஸ்கார் 1’, அமெரிக்க ராணுவ ஏவுகலத்தில் உடன்பயணியாக விண்ணேறிற்று. 145 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் மோர்ஸ் குறிகளால் ‘ஹாய்’ என்று மட்டும் மூன்று வாரம் சொல்லிக்கொண்டிருந்தது. மனிதக் குரலைச் சுமக்க அதற்கு வழியில்லை.

இந்தியாவில் அவ்வழி 2005 மே 5 அன்று திறந்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-6, கார்ட்டோசாட்-1உடன் 42.5 கிலோ எடையுள்ள ‘ஹாம்சாட்’டையும் ஏற்றிச் சென்றது. துணைக்கோளை உருவாக்கியது இஸ்ரோ. அதன் இரு அலைமாற்றிகளுள் ஒன்று இந்திய ஆர்வலர்களின் ஆக்கம். மற்றது நெதர்லாந்து மாணவர் ஒருவருடையது. 435 மெகாஹெர்ட்ஸில் மேலே அனுப்பிய குரலை அது 145 மெகாஹெர்ட்ஸில் கீழே இறக்கும். இரண்டாண்டு ஆயுளுக்குத் திட்டமிட்ட அக்கோள் 2014 ஜூலைவரை பணியாற்றிற்று. அது தொடுவானில் எழுந்து மறைவதற்குள் கிடைக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில், உரிமம் பெற்ற ஒருவர், அலுமினியக் குழாய்களால் வீட்டிலேயே செய்த ஆண்டெனாவைக் கையிற் பிடித்துத் தம் குரலை அறுநூறு கிலோமீட்டருக்கு மேலே அனுப்பி, மாநில எல்லைக்கு அப்பாலுள்ளவரோடு உரையாட முடிந்தது. அதற்கு ஐந்து வாட் போதுமாயிருந்தது. விட்டல் விஹாரின் முதற்கருவியில் ஆறில் ஒரு பங்கு.